எண்ணூரிலிருந்து வந்த நீல மூடி டியூப்கள்

ஒரே ரத்தத்தை மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பினால் மூன்று எண்கள் வரும். வெளியாட்கள் இதை நம்ப மாட்டார்கள். அச்சாகி வந்த ரிப்போர்ட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அச்சாகி வரும் எந்த எண்ணையும் அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. ஊசி குத்திய நேரம் என்ன, டியூபை எத்தனை முறை கவிழ்த்தாய், யார் கொண்டுவந்தது என்று குடைந்து குடைந்து கேட்பேன். அதனால் எனக்கு ஆய்வகத்தில் சிடுமூஞ்சி என்று பெயர்.

அந்தச் சிடுமூஞ்சித்தனத்துக்காகத்தான் என்னைத் திட்டத்தில் சேர்த்ததாக எங்கள் டாக்டரம்மா பிறகு சொன்னார். ரத்தத்தில் இருக்கிற மிக மிகச் சின்னத் துகள்களை எண்ணுகிற திட்டம். நம் ரத்த அணுக்களுக்கு அடிபட்டாலோ எரிச்சல் உண்டானாலோ அவை தம் மேல்தோலிலிருந்து பொட்டுப்பொட்டாக உதிர்க்கும், ஈரம் ஊறிய சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி. அந்த உதிரிகளைத்தான் எண்ண வேண்டும். எங்கள் மைக்ராஸ்கோப்பில் அவை தெரியாது. லேசர் கதிரின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓடவிட்டால், சிதறுகிற ஒளியை வைத்து மெஷின் எண்ணிச் சொல்லும். எண்ணிக்கை அதிகமாக இருந்தால், நோய் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே ரத்தக் குழாயிலோ இதயத்திலோ ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முடியலாம். அதுவும் எண் சரியாக இருந்தால்தான்.

எண் சரியாக வருவதுதான் பெரும்பாடு. எங்களோடு இன்னும் இரண்டு ஆய்வகங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று வடக்கே ஒரு ஊரில், இன்னொன்று வெளிநாட்டில். முதல் முறை ஒரே ஆளின் பிளாஸ்மாவை மூன்றாகப் பிரித்து எண்ணியபோது வந்த மூன்று எண்களுக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாங்கள் கலக்கும் உப்புக் கரைசலில் இருந்த தூசியையே எங்கள் மெஷின் துகள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. வடக்கத்திய ஆய்வகத்தின் மெஷினுக்குச் சின்னதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் ரத்தத்தை எங்களைவிட வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருடம் போராடினோம். அளவு தெரிந்த பிளாஸ்டிக் மணிகளை மூன்று மெஷினிலும் ஓடவிட்டு, எந்த அளவுக்குக் கீழே போனால் எண்ணக் கூடாது என்று ஒரு கோடு கிழித்தோம். எவ்வளவு நேரம் சுழற்றுவது, மேலே தெளியும் பிளாஸ்மாவில் எவ்வளவை எடுத்து எவ்வளவைத் தொடாமல் விடுவது, உறைந்ததை எந்தச் சூட்டுத் தண்ணீரில் உருக்குவது என்று முப்பது பக்கத்துக்கு விதிமுறை எழுதினோம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்ட ஒரு பயிற்சி டாக்டரை நான் முறைத்த முறைப்பில் அவர் அடுத்த வாரம் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு நாள் மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அன்றைக்கு எல்லாருக்கும் நான்தான் மைசூர்பா வாங்கிக் கொடுத்தேன்.

இனிமேல் நிஜமான ஆட்களின் ரத்தத்தை எண்ணலாம் என்று ஆனது. எண்ணூரில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கும் சாம்பல் மேட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற ஒரு குப்பத்தில் நாற்பது பேர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்தில் நாற்பது பேர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டரம்மாவின் யோசனை. எண்ணூரில் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தவள் ஒரு மீன்காரம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மூச்சுத் திணறலோடு வீட்டுக்காரரை எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தபோதுதான் அக்கா எங்களுக்கு அறிமுகம். அவர் ஆற்றில் வலை வீசுகிறவர். ஒரு காலத்தில் தனி ஆளாகப் படகைக் கரையில் இழுத்துப் போட்டவராம். நாங்கள் பார்த்தபோது தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவள் போகவில்லை. டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றாள்.

"அதிகாரிங்க வந்து மீட்டிங் போட்டாங்கம்மா. மைக்க கையில குட்த்தாங்க. எங்காளுங்களுக்கு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, சின்ன வயசுலயே பூட்றாங்கன்னு சொன்னேன். ஆதாரம் இருக்காம்மான்னு கேட்டாரு ஒருத்தரு. எங்கூட்டுக்காரர இட்டாந்து நிக்கவெச்சேன். இது ஆதாரம் இல்ல, நம்பரு வேணும், ரிப்போட்டு வேணும்னுட்டாரு. அடுத்த மீட்டிங்குக்குள்ள எனுக்கு நம்பரு வேணும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஏதோ விரிவாக்கம் வரப்போகிறது, அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடியும் நடக்கும், அதில் கொடுப்பதற்கு ஒரு எண். டாக்டரம்மா எங்கள் திட்டத்தைச் சொன்னதும் ஒரே வாரத்தில் தன் வீட்டுக்காரரோடு நாற்பது பேரைச் சேர்த்துவிட்டாள். ரத்தம் கொடுக்கப் பயந்து வலைக்கு அடியில் ஒளிந்த ஆம்பிளைகளைக் கூட விடவில்லை. "கடல்ல பூந்து வெளிய வர்றான், ஊசின்னா அவுட்டு" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

நர்ஸ் பெண் ஒருத்தி வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் குப்பத்துக்குப் போய் நான்கைந்து பேரிடம் ரத்தம் எடுப்பாள். எடுத்ததும் மீஞ்சூரில் தன் வேலைக்கு ஓடிவிடுவாள். டியூப்களை ராயபுரத்துக்குக் கொண்டுவர வண்டி கிடையாது. முப்பது பக்க விதிமுறையில் எல்லாவற்றையும் எழுதினோம், வண்டியை மறந்துவிட்டோம். அக்கா தினமும் இறாலும் நண்டும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்கு வருகிறவள். நானே கொண்டாரேன் என்றாள். நீல மூடி போட்ட டியூப்களும் தெர்மாகோல் பெட்டி ஒன்றும் கொடுத்தேன். அப்போது நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, ரத்தமும் மீன் மாதிரிதான். போட்டு வெச்சா கெட்டுப்பூடும். பத்திரமா, சீக்கிரமா கொண்டாந்துடு."

"மீனப் பத்தி எங்கிட்டயே சொல்றியா நீ?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான். டியூபை அறை வெப்பநிலையில் கொண்டுவர வேண்டும் என்று விதிமுறையின் நான்காம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. நானே தட்டச்சு செய்த வரி. யார் அறை என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. எங்கள் ஏசி அறை ஒன்று, மே மாதத்தில் அவளுடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற அறை ஒன்று.

டியூப்கள் வந்த அழகைச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டுகளிலிருந்து வருகிற டியூப்கள் ரத்தம் வழிந்து, லேபிள் கோணலாக, பிசுபிசுவென்று வரும். அக்காவின் டியூப்கள் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டு, துவைத்த வெள்ளைத் துண்டில் சுற்றி வரும். கவுன்ட்டர் ஜன்னலில் வைத்துவிட்டு, மீன் நாற்றம் உள்ளே வரக்கூடாது என்று தள்ளியே நிற்பாள். நான் காலை வேளையின் வார்டு வேலையை முடித்துவிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் துண்டைப் பிரிப்பேன். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வார்டு ஆட்களிடம் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது, நான் பிரித்தெடுத்த பிளாஸ்மாவை மைனஸ் எண்பது ஃப்ரீசரில் வைப்பதை வெளியே நின்று பார்த்தாள். கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை கிளம்பியது. "எங்க காசிமேட்டு ஐஸ் கம்பெனி தோத்துச்சு போ" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முக்கால்வாசிப் பேர் முடிந்தபோதே எண்கள் வந்தன. ராயபுரத்துக்காரர்களின் எண்கள் கீழே ஒரு கூட்டமாக நின்றன. எண்ணூர்க்காரர்களின் எண்கள் மேலே, தனியாக. டாக்டரம்மா நம்பாமல் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மற்ற இரண்டு ஆய்வகங்களுக்கும் உறைந்த பிளாஸ்மாவை அனுப்பினோம். அவர்களும் அதே எண்ணைச் சொன்னார்கள். ஒன்றரை வருட உழைப்பு வீண் போகவில்லை. சந்தோஷப்படக் கூடாத விஷயத்துக்கு நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அதுதான் உண்மை.

தனி ஆட்களின் முடிவை அவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறினேன். பெயர் இல்லாத புள்ளிகள் போட்ட வரைபடத்தை அக்காவிடம் காட்டினேன். நீலப் புள்ளி ராயபுரம், சிவப்புப் புள்ளி எண்ணூர். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தேன்.

"இத்தான் அவரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"இத்தினி ஒசரத்துல கீறாரே" என்றாள். அழவில்லை. அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பிரதி கேட்டாள். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அதைத் திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடையில் லாமினேஷன் போட்டு எடுத்துவந்து காட்டினாள். கூட்டத்தில் மழை பெய்தாலும் நனையாதாம்.

கடைசி நான்கு பேரின் டியூப்கள் வந்த நாள். அன்றைக்கு வார்டு வேலை குறைவு, அதனால் அவள் வைத்துவிட்டுப் போனதுமே துண்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தாங்கியில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஒரு டியூபின் லேபிள் ஓரத்தில் ஏதோ மின்னியது. சாமணத்தால் எடுத்துப் பார்த்தேன். மீன் செதில். முதலில் சிரிப்புதான் வந்தது, அக்காவைக் கிண்டல் செய்யலாம் என்று. பிறகு லேபிளைப் பார்த்தேன், அதன் ஓரம் ஈரத்தில் ஊறிச் சுருண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் டியூபைத் தொட்டேன். ஏசி அறையில் இருக்க வேண்டியதைவிடச் சில்லென்று இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஏலச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தாள்.

"அக்கா, பெட்டியில ஐஸ் எதுனா போட்டியா?"

"பின்ன? ஐஸு போடாம எட்தாருவாங்களா?" என்றாள். குரலில் அத்தனை பெருமை. "மொத நாள்லேர்ந்து போட்டுக்கினுதான் வர்றேன். கீய ஒரு அடுக்கு ஐஸு, நடுவுல டியூப்பு, மேல ஒரு அடுக்கு. எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரிங்கோ நகர மாட்டேன்னு நிக்குது, ஐஸு இல்லாங்காட்டி அவ்ளோவும் கெட்டுப்பூடாது? அப்பால ராயபுரத்துல எறங்கி ஒண்ணொண்ணா தொட்ச்சி துண்டுல சுத்திக்கினு வருவேன். உங்க ஆஸ்பத்திரில மீன் நாத்தம் அடிக்கக் கூடாதுன்னுட்டு. ஏம்மா, ஒரு நாளாவது கெட்டுப்போய் வந்துச்சா?"

"இல்லக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரத்தத்தைக் குளிரவைத்தால் அதில் இருக்கிற தட்டணுக்கள் பதறிப்போகும். எங்கேயோ காயம் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உருவம் மாறி, துகள்களை உதிர்க்கத் தொடங்கும். அணுக்களைப் பிரித்து எடுத்த பிறகு பிளாஸ்மாவை எவ்வளவு குளிரிலும் வைக்கலாம். பிரிப்பதற்கு முன்னால் ஐஸ் ஆகவே ஆகாது. இது புத்தகத்தில் இருக்கிற விஷயம், எனக்குத் தெரிந்த விஷயம். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. உடன் வேலை செய்கிற பெண்ணிடம் இடது கையை நீட்டி இரண்டு டியூப் ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஒன்றை மேஜைமேல் வைத்தேன். எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்து, கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு, அக்கா செய்த மாதிரியே இன்னொன்றைப் புதைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் துடைத்தெடுத்துத் துண்டில் சுற்றி வைத்தேன்.

மேஜைமேல் இருந்த ரத்தம் ராயபுரத்து நீலப் புள்ளிகளோடு போய் நின்றது. ஐஸில் கிடந்த ரத்தம் சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து தண்டையார்பேட்டையை விட்டுக் குடி மாறாதவள், ஒன்றரை மணி நேர ஐஸில் எண்ணூர்க்காரி ஆகிவிட்டேன். மறுநாள் இன்னும் மூன்று பேரிடம் ரத்தம் எடுத்து ஓட்டினேன். அதே கதைதான்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இதில் என்னை உயர்த்திச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மூடிவிடலாமா என்றுதான் யோசித்தேன். மூன்று ஆய்வகங்களும் ஒரே எண்ணைச் சொல்கின்றன, யார் கேட்கப் போகிறார்கள்? அந்த எண் கூட்டத்துக்குப் போனால் அந்தக் குப்பத்துக்கு ஏதாவது நல்லது நடக்கலாம். ஐஸ் போடாமல் கொண்டுவந்திருந்தாலும் அவர்கள் எண் அதிகமாகவே இருந்திருக்கலாம். ஒருமுறை குப்பத்துக்குப் போனபோது நானும் அந்தக் காற்றைச் சுவாசித்துப் பார்த்தவள்தான். ஆனால் "இருந்திருக்கலாம்" என்பதை எண்ணிக் கொடுக்க எந்த மெஷினும் கிடையாது. மூன்றாம் நாள் காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லா டியூபுமா?"

"எல்லாம் மேடம். முதல் நாளிலிருந்து."

"விதிமுறையில் எழுதியிருந்தோமே."

"எழுதியிருந்தோம். அவங்ககிட்ட நான்தான் மீன் மாதிரின்னு சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று மாலை மற்ற இரண்டு ஆய்வகங்களோடு வீடியோவில் பேசினோம். வெளிநாட்டுக்காரர் மரியாதையாக என் நேர்மைக்கு நன்றி சொன்னார். எண்ணூர் மாதிரிகள் அனைத்தையும் விலக்கிவிட வேண்டும் என்று முடிவானது. காரணம் என்ற இடத்தில் "சேகரிப்பு நிலைக் குறைபாடு" என்று எழுதிக்கொண்டார்கள். யார் சேகரித்தது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மறுபடியும் ரத்தம் எடுக்க முடியுமா என்று நான் கேட்டேன். திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது, சோதனைக்கான ரசாயனங்கள் தீர்ந்துவிட்டன, அடுத்த திட்டம் வேறு நோயைப் பற்றியது. ஒன்றரை வருடத்தில் நாங்கள் கற்றதை வைத்து விதிமுறையை மட்டும் வெளியிடலாம் என்று பேசிக் கலைந்தார்கள். அதில் ரத்தத்தைக் குளிர்விக்கக் கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார் டாக்டரம்மா. போட்டேன்.

நாற்பது பேரின் பிளாஸ்மாவையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டதும் நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்த வேலை பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். ஷேர் ஆட்டோ லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் நின்றது. வேர்வையில் உட்கார்ந்துகொண்டு, இந்த இடத்தில் மடியில் டியூப் பெட்டியோடு நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நானும் ஐஸ்தான் தேடியிருப்பேன். அக்காவின் வீட்டுக் கூரையிலும் காயப்போட்ட துணியிலும் சாம்பல் படிந்திருந்தது. வீட்டுக்காரர் கதவுப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், பேசவில்லை. பேச்சுக்கும் மூச்சு வேண்டும்.

அக்கா எனக்கு டீ போட்டாள். டம்ளர் கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். ஐஸ் போட்டதால் எண் ஏறிவிட்டது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள், அந்தத் தாளைக் கூட்டத்தில் கொடுக்க முடியாது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க மட்டும் அம்மாம் பெரிய ஃப்ரிட்ஜில வெக்கிறீங்களே?"

"அது பிரிச்சப்புறம்க்கா. பிரிக்கிறதுக்கு முன்னாடி குளிரு ஆகாது."

"அத்த நீ சொல்லவேல்லியே."

"சொல்லலக்கா. மீன் மாதிரின்னு சொன்னேன். என் தப்புதான்."

"மெய்யாலுமா? சும்மா வெளாட்டுக்கா சொன்ன அத்த?"

டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"ஐஸு போடாம கொண்டாந்திருந்தா நம்பரு கம்மியா வந்திருக்குமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப ஜாஸ்தியாவே வந்திருக்குமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப இன்னாதான் தெரியும் உங்குளுக்கு?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆட்டோ எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. பிறகு, "திரும்பியும் எடுங்கம்மா. நாப்பது பேரு இன்னா, நூறு பேரு இட்டாறேன். ஐஸு கிட்டக்ககூட கொண்டார மாட்டேன்" என்றாள். திட்டம் முடிந்துவிட்டது என்றேன். நாற்காலியில் இருந்த மனிதர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய் லாமினேஷன் தாளை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கிழித்துப்போடக் கூட முடியாத பொருள் அது.

கூட்டம் நடந்தது. நான் போகவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் அவளே போன் செய்தாள். மைக்கைக் கொடுத்தார்களாம், போன முறை சொன்னதையே சொன்னாளாம், வேறு ஒரு அதிகாரி அதே கேள்வியைக் கேட்டாராம்.

"பையில அந்தத் தாளு இருந்துச்சும்மா. எடுக்கல."

"ஏங்க்கா?" என்று கேட்டேன். கொடுத்திருந்தால்கூட யாருக்குத் தெரிந்திருக்கும் என்று அந்த நிமிடத்தில் எனக்கே தோன்றியது.

"நீ தப்புன்னு சொன்னத நான் எப்டிம்மா குடுப்பேன்?" என்றாள்.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்ததாகப் பிறகு பேப்பரில் பார்த்தேன். எங்கள் விதிமுறையும் வெளியானது. நன்றி சொல்லும் பகுதியில் என் பெயர் வந்தது. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது, பேசியது பக்கத்து வீட்டுக்காரி. வீட்டுக்காரர் விடியற்காலையில் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான். நான் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மகன் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் இருக்கிறான், கரைக்கு வந்து ஊர் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். அதுவரை உடம்பை வைத்திருக்க வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி மினி லாரியில் வந்து இறங்கியது. ஒயரை மாட்டினார்கள், பெட்டி உறுமத் தொடங்கியது. நான்கு ஆண்கள் அவரைத் தூக்கப் போனார்கள். அக்கா ஒரு கையை நீட்டி அவர்களை நிறுத்தினாள். சுற்றி இருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஓரத்தில் நின்றிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஏம்மா, இவர ஐஸுல வெக்கலாமா? ஒண்ணும் தப்பாயிடாதே?"

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள். நான் சொல்லும் வரைக்கும் அந்த நான்கு பேரும் அவரைப் பாயில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"வைக்கலாம்க்கா" என்றேன்.